ஆபத்து ஞானஸ்நானம்

மட்டக்களப்பு
21.02.2010

அன்புள்ள தங்கச்சி சிஸ்டர் எமல்டாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். என்னிடம் அது இல்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. செபமாலை நல்லது. கம்பளிச் சட்டையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இத்தாலிக்குப் போய் இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் வெயிலையே மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா, மழைக்காலத்தில் நாய்க்குட்டிக்குப் போர்த்தலாம் என்று கேட்டார். கொடுக்கவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கொன்வென்ட் பள்ளிக்கூடம் வழக்கம்போல நடக்கிறது. இந்த வருடமும் நாலாம் வகுப்புச் சமய பாடமும் முதல் நன்மை ஆயத்தமும் எனக்குத்தான். சிறிசுகள் பத்துக் கட்டளையைப் பாட்டாகப் பாடுகிறார்கள், பொருள் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். அது பரவாயில்லை. எனக்கு வந்திருக்கும் சோதனை வேறு.

போன கிழமை பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். மேனுகாவை உனக்குத் தெரிந்திருக்கும், என்னிடம் முதல் நன்மைக்குப் படித்த பிள்ளை, தகப்பன் சந்தைக்குள் மீன் விற்கிறவர். அவளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை சைவம். ஊர் கரடியனாறு, மேசன் வேலை. எங்கள் கோயிலில் தாலி கட்ட வேண்டுமென்றால் வேதத்துக்கு வரவேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் உயிர்ப்புத் திருநாளுக்கு முதல்நாள் சனி இரவுப் பூசையில் அவனுக்கு ஞானஸ்நானம். அதற்குமுன் செபங்களும் மந்திரங்களும் சொல்லிக்கொடுக்க வேண்டும், டீச்சர், நீங்கதான் செய்யவேணும் என்றார் சுவாமி. சரி சுவாமி என்றேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டபிறகு அவன் வந்தான். பெயர் யோகேஸ்வரன். கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றான். எமல்டா, நான் அவனை அந்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டேன்.

கடல் வந்து என் வீட்டையும் உன் அத்தான் றபேலையும் கொண்டுபோனபிறகு, நானும் என் பிள்ளை நிலோஜனும் இதே கொன்வென்டில்தான் அகதியாக இருந்தோம். பிறகு அங்கே ஒரு வான் வந்து நிலோஜனை ஏற்றியது. அந்த நேரம் யார் யாருக்காகச் சண்டைக்குப் பிள்ளை பிடித்தார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும். பிடித்தார்கள், அவ்வளவுதான். வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். உள்ளே இருந்த ஒருவன் துவக்குப் பிடியால் என் கையில் அடித்தான். என் ஆட்காட்டி விரல் இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது. அடித்தவனின் முகம் என் கண்ணைவிட்டு ஒருநாளும் போகவில்லை. அந்த முகம்தான் கையில் செருப்போடு வந்து, வணக்கம் டீச்சர் என்றது.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எத்தனை தாய்மார் எத்தனை கதவில் தொங்கினார்களோ, அவன் எதையென்று ஞாபகம் வைத்திருப்பான்.

சுவாமியிடம் சொல்லி அவனை வேறு யாருக்காவது தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. என் கைக்குள் வந்தவனை நான் ஏன் விடவேண்டும். தனியாகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று சொல்லி, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுடைய கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறேன். முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறான். பிழை விட்டால் எழுந்து நின்று சொல்லவேண்டும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் அதட்டுவதில்லை.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. நீ படித்தவள், உனக்குத் தெரியும். வளர்ந்த ஆள் ஞானஸ்நானம் பெற்றால், அதுவரை செய்த பாவம் முழுவதும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பிறந்த உடனே தண்ணீர் வாங்கிய எங்களைப் போன்றவர்கள்தான் காலம் முழுக்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும். என் பிள்ளையைக் கொண்டுபோனவன் ஒரு வார்த்தை பேசாமல் தலையைத் துவட்டிக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு போய்விடுவான்.

அதற்கு நான் விடமாட்டேன். அவன் என்னிடம், முந்திச் செய்ததெல்லாம் யாரிட்டயும் சொல்லவேணுமா டீச்சர் என்று கேட்டான். ஓம், டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், அதுதான் சட்டம் என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது. இந்த வகுப்பறைக்கு நான் போட்ட சட்டம் அது.

நிலோஜனுக்காகச் செபி. நீ அவனுடைய ஞானத்தாய்.

உன் அக்கா
பிரிஜிற்றா


மட்டக்களப்பு
24.03.2010

அன்புள்ள எமல்டா,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அழகான கையெழுத்து. மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். கோபிக்காதே, ஆனால் நீ கன்னியாஸ்திரி, நான் பெற்றவள். இரண்டு பேருக்கும் ஒரே பாடம் பொருந்தாது.

அவன் சொல்லிவிட்டான். இதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன். நீ எங்காவது உட்கார்ந்துகொண்டு வாசி.

போன வியாழக்கிழமை பிள்ளைகள் போனபிறகு ஐந்தாம் கட்டளை படிப்பித்தேன். கொலை செய்யாதே. புத்தகத்தை மூடிவிட்டு, இனி நீ சொல் என்றேன். மேசையைப் பார்த்துக்கொண்டே தொடங்கினான். தொடங்கியவன் நிறுத்தவில்லை.

குடும்பிமலைக் காட்டுக்குள் அடிபாடு நடந்த காலம். செல் விழுந்து இவனுக்கு வயிற்றில் காயம். வைத்தியம் பார்க்க ஆள் இல்லை, சாகப்போகிறான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெடியன் இருந்திருக்கிறான். வேதக்காரப் பெடியன் டீச்சர், கொன்வென்ட் முகாமில இருந்து நாங்கதான் ஏத்திக்கொண்டு போனம் என்றான். அந்தப் பெடியன் இவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, நீங்க சாகப்போறீங்க அண்ணன், கடவுளின்ர பிள்ளையாகிறதுக்கு விருப்பமா, செய்த பாவத்துக்கெல்லாம் மனஸ்தாபப்படுறீங்களா என்று கேட்டானாம். இவன் பயத்திலும் வேதனையிலும் அழுதுகொண்டு, ஓம், ஓம் என்றானாம். பெடியன் தன் தண்ணீர்க் கானில் இருந்ததை நெற்றியில் ஊற்றினானாம். ஊற்றும்போது ஒரு பெயரும் வைத்தானாம்.

என்ன பெயர் என்று கேட்டேன். றபேல் என்றான். தன்ர அப்பாட பேர் என்று பெடியன் சொன்னவன் டீச்சர், கடல் வந்த அன்று செத்துப்போனாராம் என்றான்.

நான் அழவில்லை. அவன் முன்னால் அழுவதற்கு நான் என்ன பைத்தியக்காரியா. தண்ணீரை எத்தனை தரம் ஊற்றினான், என்ன சொல்லி ஊற்றினான் என்று பரீட்சையில் கேட்பதுபோலக் கேட்டேன். மூன்று தரம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. காட்டுக்குள்ளே, செல்லடிக்குள்ளே, என் பிள்ளை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லியிருக்கிறான். ஆபத்து நேரத்தில் எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது என்று நான்தான் அவனுக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்தேன். உன்னுடைய பழைய பொம்மைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதன் தலைமயிரைக் கொட்டவைத்தானே, உனக்கு ஞாபகம் இருக்கும்.

மிச்சத்தையும் கேள். இவன் சாகவில்லை. யாரோ கொண்டுபோய்த் தைத்திருக்கிறார்கள், பிழைத்துவிட்டான். மூன்று மாதம் கழித்து நிலோஜனுக்குக் காலில் காயம், அதோடு காய்ச்சல். காட்டைவிட்டு வெளியேறும்போது அவனைத் தூக்கிவரும் பொறுப்பு இவனுக்கு. கொஞ்சத் தூரம் தூக்கியிருக்கிறான். பிறகு ஒரு பாலை மரத்தின்கீழ் கிடத்தி, தண்ணி கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு நடந்தானாம். மறுகா நான் கிறுகிப் பார்க்கல்ல டீச்சர் என்றான். பெடியன் இரண்டு தரம் கூப்பிட்டது கேட்டும் திரும்பவில்லையாம். இவன் நேரே கரடியனாற்றுக்கு வந்து, மாமனுடைய வயல் வட்டையில் காவல் குடிலுக்குள் ஒளிந்திருந்து, பிறகு சரணடைந்திருக்கிறான்.

அவ்வளவுதான். ஐந்து வருடமாகச் செஞ்சிலுவை, மனித உரிமை, முகாம் என்று நான் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்த பிள்ளை ஒரு மரத்தின்கீழ் தண்ணீருக்குக் காத்துக் கிடந்திருக்கிறான்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பெடியன் ஊத்தினது கணக்கில வராதுதானே டீச்சர், சுவாமி ஊத்தினாத்தானே சரி என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஓம், சுவாமி ஊற்றினால்தான் சரி என்றேன்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு விளங்கும். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கே அதை மையில் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. நிலோஜன் கொடுத்த ஞானஸ்நானம் உண்மையான ஞானஸ்நானம். ஒருவனுக்கு இரண்டு தரம் கொடுக்க முடியாது. ஆகவே சனி இரவு சுவாமி ஊற்றப்போவது வெறும் தண்ணீர். அதில் ஒரு பாவமும் போகாது. என் பிள்ளையை வானில் ஏற்றியது அந்தக் காட்டுக்கு முந்தின பாவம், அதை என் பிள்ளையே தன் கையால் கழுவிவிட்டான். அதில் நான் கை வைக்க முடியாது. ஆனால் மரத்தின்கீழ் விட்டுவிட்டு வந்தது அதற்குப் பிந்தினது. அது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால்தான் போகும். இவன் சொல்லமாட்டான். எல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, கிழவனாகி, அதைச் சுமந்தபடியே சாவான். செத்தபிறகு தெரியும்.

இதுதான் நான் அவனுக்குக் கொடுக்கும் தண்டனை. துவக்கு வேண்டாம், பொலிஸ் வேண்டாம், கோடு கச்சேரி வேண்டாம். ஒரு டீச்சரால் மட்டும் செய்யக்கூடியது. எனக்கும் நரகம் என்று நீ சொல்வாய். கிடைக்கட்டும், அங்கே இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றுதான் என்னை அரிக்கிறது. என் பிள்ளை செய்த அந்த ஒரு காரியத்தை, அது கணக்கில் வராது என்று நானே சொல்லிவிட்டேன். அவன் கெட்டிக்காரத்தனமாகச் செய்த பரீட்சைக்கு அவன் அம்மாவே பூச்சியம் போட்டமாதிரி. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். உன் கைக்கு வரும்போது திருநாள் முடிந்திருக்கும். சுவாமிக்குப் போன் எடுத்தும் பிரயோசனமில்லை.

உன் அக்கா
பிரிஜிற்றா


மட்டக்களப்பு
05.04.2010

அன்புள்ள எமல்டா,

உயிர்த்த ஆண்டவருடைய ஆசீர் உனக்கும் உன் மடத்துச் சகோதரிகளுக்கும்.

முந்தின கடிதமும் இதுவும் ஒன்றாக வந்து சேர்ந்தாலும் சேரும். அதை முதலில் வாசித்துவிட்டு இதற்கு வா.

நான் நினைத்தபடி நடக்கவில்லை. பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை எங்கள் மதர், முதல் நன்மைப் பிள்ளைகளைச் சோதிக்க வகுப்புக்கு வந்தார். வருடாவருடம் நடப்பதுதான். மதர் கேள்வி கேட்பார், பிள்ளை எழுந்து சொல்லும், நான் சரி அல்லது பிழை சொல்லவேண்டும். கடைசி வாங்கில் அவனும் இருந்தான். நான்தானே அவமானப்படுத்துவதற்கு அங்கே இருத்திவைத்தேன்.

தனுஷா என்று ஒரு பிள்ளை, தேற்றாத்தீவில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். முன்பல் இரண்டும் விழுந்து கிடக்கிறது. மதர் அவளிடம், ஒருவர் சாகக் கிடக்கிறார், சுவாமி இல்லை, அப்போது ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்று கேட்டார். அவள் மூச்சுவிடாமல், ஆபத்து நேரத்தில யாரும் குடுக்கலாம் மதர், சின்னப் பிள்ளையும் குடுக்கலாம், தண்ணிய ஊத்தி அந்தச் செபத்தைச் சொன்னாச் சரி, மறுகா சுவாமி வந்தாலும் ரெண்டாந்தரம் குடுக்க ஏலாது என்றாள்.

மதர் என்னைப் பார்த்தார். பின்வாங்கில் அவன் தலையை நிமிர்த்தினான். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சனி இரவு நான் நினைத்தபடியே முடிந்திருக்கும். மதர் என்ன நினைத்தாலும் பிறகு சமாளித்திருப்பேன். ஆனால் எமல்டா, இத்தனை வருடமாகச் சரியான விடைக்குச் சரி சொல்லிப் பழகிய வாய். இந்தப் பிள்ளை சொன்னது அச்சொட்டாக அதே விடை. அதே விடையைத்தான் காட்டுக்குள் என் பிள்ளையும் எழுதியிருக்கிறான். சரி என்றேன். முழுக்கச் சரி, இருங்க மகள் என்றேன்.

எல்லாரும் போனபிறகு அவன் போகவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அப்ப அந்தப் பெடியன் ஊத்தினது, என்று தொடங்கினான். அது சரிதான், நீ மூன்று வருடமாகக் கத்தோலிக்கன், உன் பெயர் றபேல் என்றேன். என் வீட்டுக்காரருடைய பெயர் என்றேன். அவன் என் விரலைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அன்றைக்கு என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது, உன் கடிதங்களை மேலதிகாரி பிரிப்பாரோ தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு இனித் தண்ணீர் கிடையாது என்றேன். இருந்த ஒரு தண்ணீரை என் பிள்ளை உனக்கு ஊற்றிவிட்டான், அதன்பிறகு நீ செய்ததை உன் வாயால்தான் சொல்லித் தீர்க்கவேண்டும், முழங்காலில் நின்று, ஒவ்வொன்றாக, அவன் கூப்பிட்ட சத்தம் உட்பட. அவன் நிலத்தில் குந்திவிட்டான். சுவாமியிட்டப் போகலாமா என்று கேட்டான். என்னைக் கேட்காதே, போ என்றேன்.

நானும் பின்னால் போனேன். எதற்கு என்று கேட்கிறாயா. அவன் உடைந்து வருவதைக் கண்ணால் பார்க்கத்தான். கோயிலுக்குள் தூண் ஓரமாக உட்கார்ந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அழுகைச் சத்தம் கேட்டது. எனக்கு அது காதுக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு அவன் வெளியே வந்தான். முகம் கழுவினமாதிரி இருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம். அதைப் பார்க்கவா நான் போனேன். அந்த இடத்திலேயே அவன் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அவனுக்கு இறங்கிவிட்டது, எனக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

சனி இரவுப் பூசையில் அவனுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மெழுகுதிரி மட்டும் கையில் கொடுத்தார்கள். காட்டில் நடந்ததை அவன் சுவாமிக்கு எழுதியும் கொடுத்திருந்தான். சுவாமி பீடத்தில் நின்று, இவருக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருக்கிறது, கொடுத்தவர் இந்தப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற றபேலின் மகன், காலஞ்சென்ற நிலோஜன் என்று வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மகனுடைய பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

நேற்று மேனுகாவும் அவனும் வீட்டுக்கு வந்தார்கள். கேக் கொண்டுவந்தாள். கேக்கை வாங்கி அன்னப்பூரணி அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வாசலில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டான். கடவுள் மன்னித்திருந்தால் அது கடவுளின் விருப்பம், என்னிடம் வராதே என்றேன். கலியாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேனுகா அழுதாள். அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஆனால் ஒன்று கேட்டேன். அந்த மரத்தைக் காட்டுவியா என்று. காட்டுகிறேன் என்றான். அந்தப் பக்கம் ஆமியிடம் அனுமதி எடுக்கவேண்டும், சுவாமி கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அனுமதி கிடைத்தால் அவனோடுதான் ஒரு வாகனத்தில் ஏறிப் போவேன். மன்னித்துப் போகவில்லை. வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். நிலோஜன் உயிரோடு திரும்பிவர வேண்டும் என்று இவ்வளவு காலமும் உன்னிடம் பூசை வைக்கச் சொன்னேன். இனி அப்படி வேண்டாம். ஆத்துமப் பூசை வை. பெயர் முழுவதும் சொல்லி வை.

மற்றது, புதன்கிழமைக்குப் பிறகு பிள்ளைகளோடு பரலோக மந்திரம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பிள்ளைகள் சத்தமாகச் சொல்வதால் வெளியே தெரியவில்லை. பொய்யை இனிப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வரியைச் சொல்லாமல் நான் எத்தனை நாள் டீச்சராக இருப்பது. அதனால், தங்கச்சி, நீ அந்த மந்திரம் சொல்லும்போது அந்த வரியை இரண்டு தரம் சொல்லு. ஒன்று உனக்கு. மற்றது யாருக்கு என்று கடவுள் கேட்டால் அக்கா அனுப்பினா என்று சொல்லு. எனக்கு வாய் வருமட்டும் சொல்லிக்கொண்டிரு.

தேவதாய் உன்னைக் காக்கட்டும்.

நிலோஜனுடைய அம்மா
பிரிஜிற்றா